மூன்று மில்லி உயரம்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த பஸ்ஸின் ஆறு டயரும் வெடிக்கட்டும். சமயபுரத்தாள் மேல் ஆணை, என் வலது காது மேல் ஆணை. அதைவிடப் பெரிய ஆணை என்னிடம் கையிருப்பு இல்லை.

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அந்தப் பக்கம் காற்று இரைச்சல். இப்படி, என் வலது கைப் பக்கமாக. பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், பெரியவர்களிடம் அதுதான் மரியாதை.

உங்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். துவாக்குடித் தொழிற்பேட்டைதானே? அப்படியானால் வயிரவன் முதலாளியின் பட்டறை தெரிந்திருக்கும். அங்கே இருபத்தாறு வருஷம் இரும்புத் தகடு வெட்டுகிற பிளாஸ்மா மெஷின் ஓட்டினவன் நான்தான். மருதமுத்து. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, உங்களுக்கு வயசு கம்மி.

நீங்கள் ஆபீஸ் பக்கம் வேலை பார்க்கிறவர் போலத் தெரிகிறது, அதனால் ஒரு விஷயத்தை மட்டும் விளங்கச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மா டார்ச் என்பது சாமி மாதிரி. தகட்டைத் தொடவும் கூடாது, விட்டு விலகவும் கூடாது. மூன்று மில்லி உயரத்தில் மிதந்துகொண்டே போகவேண்டும். ஒரு மில்லி கூடினால் வெட்டு சாய்ந்துவிடும், அடியில் கசடு புளியங்காய் மாதிரி தொங்கும். ஒரு மில்லி குறைந்தால் உருகின இரும்பு எகிறி டார்ச்சின் வாயிலேயே விழும். தொட்டுவிட்டால் அந்த வாய், நாசில் என்பார்கள், அதுவே காலி. சரி, மூன்று மில்லியில் கட்டிவைத்துவிட்டுப் போய் டீ குடிக்கலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. சூடு பட்ட தகடு சும்மா கிடக்குமா? சட்டியில் போட்ட அப்பளம் மாதிரி இங்கே உப்பும், அங்கே குழியும். அதன் கூடவே டார்ச்சை ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான். எங்கள் மெஷினில் இரண்டு பொத்தான் இருக்கும், ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. அவற்றின் மேல் இந்தக் கட்டைவிரல். இருபத்தாறு வருஷம்.

எதை வைத்து உயரம் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? காது தம்பி, காது. உயரம் சரியாக இருந்தால் பிளாஸ்மா புதுக் காடாத் துணி கிழிக்கிற மாதிரி கேட்கும். அதிகமானால் ஆஸ்துமாக்காரன் இழுப்பு. குறைந்தால் எண்ணெயில் கடுகு. இந்த மூன்று சத்தத்துக்கு நடுவில் எனக்கு நூற்றெட்டுச் சத்தம் தெரியும். தகட்டில் ஒரு ஈ உட்கார்ந்து அந்தப் பாரத்தில் தகடு தாழ்ந்ததைக் காதாலேயே பிடித்திருக்கிறேன். ஒரு தடவை ஜப்பான்காரர் ஒருவர் பட்டறையைப் பார்க்க வந்தார். அரை மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவர், போகும்போது தையல்காரர் நாடாவை எடுத்து என் காதை அளந்து குறித்துக்கொண்டு போனார். அங்கே அதே அளவில் வார்த்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிரிக்காதீர்கள், டயர் இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது?

ஒரு வருஷம் லேபர் ஆபீசிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று முதலாளி அவசரமாக எல்லாருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாதஸ்வரக்காரன் வாயில் துணி அடைப்பானா? முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மருதமுத்துவே வேண்டாம் என்கிறான், மற்றவனுக்கு எதற்கு என்று எல்லாருடையதையும் திருப்பி வாங்கி சாமி விளக்குக்குத் திரி போட்டுவிட்டார். பக்தியான மனுஷன். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் மெஷினுக்கு ஆள் உயர மாலை போடுவார்.

இந்த இடத்தில் தாவூது பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். தகட்டைத் தூக்கி மேஜையில் வைக்கிறது, வெட்டின துண்டைப் பொறுக்குகிறது, இதெல்லாம் அவர் வேலை. வேலை முடிந்தாலும் போகமாட்டார். மெஷினுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்பார். நல்ல மனுஷன், ஆனால் உடம்பில் ஏதோ கோளாறு. திடீர் திடீரென்று தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிவார். கொஞ்ச நேரம் கழித்துத் தாடியைப் பிடித்துக் கீழே இழுப்பார். ஒரு பிளேட்டு முடிவதற்குள் நாற்பது தடவை. தாடி, தொப்பி, தொப்பி, தாடி. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் தொப்பியைத் தூக்குகிற நேரமும் நான் டார்ச்சை ஏற்றுகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்படி. ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குள் ஒரு பொருத்தம் அமைந்துவிடுகிறது, பாருங்கள். ஒரு ரம்ஜானுக்கு நான் அவருக்கு வேப்பெண்ணெய் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், பொடுகுக்கு. என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

இப்படிப் பொன்னாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரப் பொண்ணு கொண்டுவந்தாள். பேர் பிரசில்லா. சின்னப் பெட்டிதான், டிபன் கேரியர் உயரம். இதை மாட்டினால் டார்ச் தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளுமாம். எப்படி என்று முதலாளிக்கு விளக்கினாள். முதலாளி வெற்றிலை போட்ட வாயால் என்ன கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை, யாருக்கும் புரியாது. வழக்கம்போல தாவூது பாய் எல்லாவற்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார், வாயை அகலமாகத் திறந்து, நிதானமாக. அவர் என்னிடம் அப்படித்தான் பேசுவார், அதுவும் ஒரு பழக்கம்.

விஷயம் இதுதான். டீ மாஸ்டர் டீ ஆற்றும்போது கை உயர உயரத் தாரை நீளுகிறதல்லவா? பிளாஸ்மாவும் அந்த மாதிரி ஒரு நெருப்புத் தாரை. அது நீண்டால் வோல்டேஜ் ஏறும், குறுகினால் இறங்கும். பெட்டி வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ஏறினால் டார்ச்சை இறக்கும், இறங்கினால் ஏற்றும். அவ்வளவுதான். கண் கிடையாது, காது கிடையாது. மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவனைக் கொண்டுவந்து கச்சேரியில் உட்கார வைத்த கதை.

இன்னொன்று கேளுங்கள். முனை திரும்பும்போது மெஷின் வேகம் குறையும், அப்போது வோல்டேஜ் சும்மாவே ஏறும். பெட்டி அதைப் பார்த்துவிட்டு, ஆகா உயரத்தில் இருக்கிறோம் என்று தலைகுப்புற இறங்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் அதைத் தூங்கவைத்து, திரும்பின பிறகு எழுப்பவேண்டுமாம். அந்தப் பொண்ணே பெருமையாகச் சொன்னாள். வளைவு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிற டிரைவரோடு நீங்கள் இந்த பஸ்ஸில் ஏறுவீர்களா?

முதலாளி ஏறுவார். அவர் பந்தயம் வைத்தார். தாவூது பாய் எனக்குச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது:

"ரெண்டு பிளேட்டுண்ணே. ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு உங்களுக்கு. எது சுத்தமா வருதோ அதுக்குத்தான் மெஷினு. மத்தது வெளிய."

வெளியே என்றால் எங்கே தெரியுமா? பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு, மற்றவன் வெட்டின துண்டில் தொங்குகிற கசடைத் தேய்க்கிற இடம். இருபத்தாறு வருஷம் சாமி தூக்கினவனைச் செருப்பு காக்கச் சொல்வது மாதிரி. அன்றைக்கு ராத்திரி என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன் தம்பி. என் வீட்டுக்காரி ஏதோ சொன்னாள், என்ன சொன்னாளோ.

பந்தயத்தன்று காலையில் முதல் ஆளாகப் போனேன். சதி செய்யவா? சேச்சே. பூஜை போட. புதுப் பெட்டி, கண் பட்டுவிடக் கூடாதில்லையா? சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல பெரிய எலுமிச்சம்பழமாக ஒன்று எடுத்துப் பாதியாக நறுக்கி, குங்குமம் தடவி, தகட்டின் மேல் ஒரு பாதியை வைத்தேன். டார்ச்சுக்கு நேர் கீழே வைத்தேன். வண்டிக்குச் சக்கரத்தடியில் வைக்கிறோம், இதற்குச் சக்கரம் எங்கே இருக்கிறது?

பிரசில்லா பொத்தானை அழுத்தினாள். இந்தப் பெட்டி முதலில் டார்ச்சை மெல்ல இறக்கி, நாசில் மூக்கால் தகட்டைத் தொட்டுப் பார்க்கும். தொட்டதும் கரண்ட் பாயும், இதுதான் தரை என்று புரிந்துகொண்டு, அங்கிருந்து அளந்து மேலே ஏறும். அன்றைக்கு மூக்கு போய் எலுமிச்சம்பழத்தில் இறங்கியது. புளிப்புச் சாறு கரண்டைக் கடத்தாமல் விடுமா? பெட்டிக்குத் தகடு கிடைத்துவிட்டது. பழத்தின் தலையிலிருந்து அளந்து கம்பீரமாக மேலே ஏறி நின்று, நெருப்பைத் துப்பியது பாருங்கள். நெருப்புக்குத் தகடு எட்டவில்லை. இருமி இருமிப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. பட்டறை முழுக்க எலுமிச்சை ரசம் வாசனை.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தகட்டுக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாததைப் போய் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்களே என்று முதலாளிக்காகத்தான் வருத்தம்.

அந்தப் பொண்ணு கோபப்படவில்லை. பழத்தை எடுத்து ஓரமாக வைத்தாள், தகட்டைத் துடைத்தாள், திரும்ப அழுத்தினாள். இந்தத் தடவை நெருப்பு பற்றிக்கொண்டது. ஆனால் டார்ச் போகப் போகத் தாழ்ந்துகொண்டே போனது. முக்கால் வட்டம் வெட்டுவதற்குள் தகட்டில் உரசி, நாசில் வாய் பிளந்துவிட்டது.

அதற்குக் காரணம் எலெக்ட்ரோடு. டார்ச்சுக்குள்ளே இருக்கிற விரல் நீளச் செம்புத் துண்டு, நுனியில் கடுகளவு வேறொரு உலோகம் பதித்திருக்கும். பற்றவைக்கப் பற்றவைக்க அந்தக் கடுகு கரைந்து குழி விழும். கிணறு ஆழமானால் கயிறு நீளமாக வேண்டுமில்லையா? குழி ஆழமானால் தாரையும் உள்ளேயிருந்து நீளும், வோல்டேஜ் கூடும். பெட்டி கயிற்றைத்தானே அளக்கிறது, கிணற்றைப் பார்க்கிறதா? நாம் உயரத்தில் இருக்கிறோம் என்று நினைத்து இறங்கிக்கொண்டே இருக்கும். தகட்டில் முட்டுகிற வரை இறங்கும்.

அந்தத் தேய்ந்த எலெக்ட்ரோடை உள்ளே போட்டது யார் என்கிறீர்களா? தம்பி, சத்தியம் பண்ணிவிட்டேனே, சொல்லித்தான் ஆகவேண்டும். நான்தான். ஆனால் அது சிக்கனம். பூஜை போடும்போது டார்ச்சைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே புத்தம் புதுசு. ஒரு பெட்டியின் வாயில் போய்ப் புதுசை எதற்கு வீணடிப்பது என்று குப்பை டப்பாவில் தேடி, இருப்பதிலேயே குழி ஆழமானதாகப் பார்த்து மாட்டினேன். புதுசைப் பத்திரமாக என் பையில் வைத்துக்கொண்டேன்.

பிரசில்லா டார்ச்சைக் கழற்றினாள். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து எல்லாரிடமும் காட்டினாள். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வெற்றிலை கிடையாது, நன்றாகப் புரிந்தது.

"சாமான் மாட்டுறது தாவூது பாய் வேலைங்க" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. முழுப் பொய்யும் இல்லை, சில நாளில் அவரும் மாட்டுவார். முதலாளி அவரைப் பார்த்து ஏதோ நீளமாகப் பேசினார். அன்றைக்கு மட்டும் முதலாளி பேசினதைப் பாய் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, வழக்கமான இடத்தில், எனக்கு எதிரே போய் நின்றார்.

அந்தப் பொண்ணு புது எலெக்ட்ரோடு மாட்டிப் பெட்டியை மறுபடி ஓட்டினாள். வெட்டியது. சரி, வெட்டியது. இருபத்துநாலு வளையம். சுத்தமாக இருந்தது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்தது நான். பெட்டியை அணைத்தார்கள். கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தேன். நெருப்பு பற்றியது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே தாவூது பாய், இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கிறார்.

சொறியவில்லை தம்பி. தாடியைத் தொடவே இல்லை. பன்னிரண்டு வருஷம் அரித்த தலை அன்றைக்குப் பார்த்து அரிக்கவில்லை. வேப்பெண்ணெய் அவ்வளவு வருஷம் கழித்தா வேலை செய்யும்? எனக்கு அதே யோசனை. கவனம் சிதறுமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். தொப்பியைப் பார்க்கிறேன், தாடியைப் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன். கற்சிலை மாதிரி நிற்கிறார்.

நாலாவது வளையமோ ஐந்தாவதோ, எல்லாரும் வாயைத் திறந்து கையை ஆட்டிக்கொண்டு மேஜை ஓரத்துக்கு ஓடிவந்தார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. பெட்டி ஓடியபோது ஒருத்தன்கூடக் கை தட்டவில்லை, எனக்குப் பாருங்கள், பட்டறையே திரண்டு வருகிறது. இடது கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டேன். அந்த நேரத்தில்தான், முன்னாடி வெட்டி விழுந்த வட்டத் துண்டு ஒன்று நெட்டுக்குத்தலாக எழுந்து டார்ச் வருகிற வழியில் நின்றிருக்கிறது. டார்ச் நேராகப் போய் அதில் மோதி, கழுத்து ஒடிந்து தொங்கிவிட்டது. ஒடிந்த பிறகும் நான் பொத்தானை விடவில்லையாம், தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தேனாம். பிரசில்லாதான் ஓடிவந்து சிவப்புப் பொத்தானைக் குத்தியிருக்கிறாள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பொண்ணு என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். திரும்பிப் பார்த்தால் முகம் ஒரு மாதிரி இருந்தது. சாக்பீஸை எடுத்தாள். என் முன்னால் இருந்த தகட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்:

"ஐயா, எத்தனை வருஷமா காது கேக்கல?"

பாவம், படித்த பொண்ணு, திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது போல. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தேன். அவளிடமும் என் நூற்றெட்டுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதன் கீழேயே இன்னொரு வரி எழுதி முதலாளி பக்கம் திரும்பினாள்: "காதுல வைக்க என்ன குடுத்தீங்க?" முதலாளி சாமி படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சட்டைக் கையால் அந்த வரியை மட்டும் அழித்தார். என்னைப் பற்றின வரியை அப்படியே விட்டுவிட்டார். அந்தத் தகடு ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

மறுநாளிலிருந்து நான் ஃபினிஷிங் டிபார்ட்மென்ட் இன்சார்ஜ். ஆமாம், அந்தத் தகரக் கொட்டகைதான், இப்போது அதற்கு அப்படித்தான் பேர். கிரைண்டர் சத்தத்தில் மற்றவர்கள் ஒரு மாதம் நிற்கமாட்டார்கள், உனக்குத்தான் சத்தம் தொந்தரவே இல்லையே என்று முதலாளியே சீட்டில் எழுதிக் கொடுத்தார். திறமையை மதிக்கத் தெரிந்த மனுஷன். ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஆறு வருஷம் நான் மட்டும் தனியாக அந்தப் பிரிவை நடத்தினேன்.

பெட்டிக்கு யார் ஆபரேட்டர் என்கிறீர்கள்? தாவூது பாய்தான். போன மாசம் கடைத்தெருவில் பார்த்தேன். என் முன்னால் வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து நலம் விசாரித்தார். பழக்கம் போகவில்லை. அவருடைய மச்சான் பையன் தஞ்சாவூரில் காது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறானாம், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாங்கண்ணே என்று இந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரியின் தொல்லை தாங்காமல் போகிறேன், எனக்கு ஒன்றுமில்லை. காதுக்குள்ளே சின்னதாக ஒன்றைப் பொருத்துவார்களாம், அது தானே ஏற்றி இறக்கிக்கொள்ளுமாம். பார்த்தீர்களா? அங்கேயும் ஒரு பெட்டி. விடுவேனா? இதோ, சட்டைப் பையில் எலுமிச்சம்பழம்.

ஏன் தம்பி எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்? வல்லம் வந்துவிட்டதா? அந்த அம்மாள் ஏன் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள்? முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னது... டயரா? பின்னாலேயா? எப்போது வெடித்தது?

நான் கவனிக்கவில்லை. சில்லறைச் சத்தமாக இருந்திருக்கும், என் காது அதையெல்லாம் சட்டை பண்ணாது. எத்தனை டயர்? ஒன்றுதானே? ஆறு என்றல்லவா சத்தியம் செய்தேன்? மிச்சம் ஐந்தும் முழுசாக நிற்கிறது, எண்ணிப் பாருங்கள். ஆறில் ஐந்து பங்கு உண்மை பேசுகிறவன் இந்தக் காலத்தில் யார் இருக்கிறான், ஜப்பான்காரனை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.

பையை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ஒன்றே ஒன்று தம்பி. பேட்டையில் தாவூது பாயை என்றைக்காவது பார்த்தால், அன்றைக்கு அந்தத் தேய்ந்த எலெக்ட்ரோடை மாட்டியது அவர் இல்லை, எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று கேட்பார். வாயைத் திறக்காதீர்கள். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள், முகம் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.